எத்திராஜ் கேட்ட ஒரு 'நீங்கள்'

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, தி. நகர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் எத்திராஜ் பெயர். நான் எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது, மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தபோது பேசியது அவருடைய மகள் தேவகி. "சார், அப்பா போயிட்டாரு சார். விடியக்காலையில தூக்கத்துலயே..." என்றாள். அப்பாவின் போனிலிருந்தே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு முறை நான் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். ஏற்கெனவே அவரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அது போதும்.

அடையாறில் ஞாயிறுதோறும் பழைய பிரிட்டிஷ் படங்கள் பார்க்கக் கூடும் நண்பர்களே, உங்களுக்கு எத்திராஜை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, "தோ வந்துட்டாரு பாரு, நம்ப கதவு தொறக்கிறவரு" என்று குரல் கொடுப்பாரே, அவர்தான். கதாநாயகர்களை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். பங்களாவின் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரர், மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோட்டைப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கும் கிழவர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கி நிற்கும் கான்ஸ்டபிள், இவர்கள்தான் அவருக்கு நட்சத்திரங்கள். ஒரு வாரம் சிரிப்புப் படத்தில் பாதிரியாராக வந்த நடிகர் அடுத்த வாரம் பேய்ப்படத்தில் பிணம் அறுக்கும் டாக்டராக வந்தார். "போன வாரம் பிரசங்கம், இந்த வாரம் போஸ்ட்மார்ட்டம். ரெண்டையும் ஒரே மூஞ்சிய வெச்சிக்கினு பண்றான் பாரு" என்றார் எத்திராஜ். அன்று படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தோம், நினைவிருக்கிறதா?

அவர் ராயப்பேட்டைக்காரர். மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்து, அது மூடப்பட்ட பிறகு, படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று சற்று எகத்தாளமாகவே கேட்டேன். மற்றவர்கள் எழுதும் வரிகளைச் சரிபார்ப்பவன் நான், எனக்கு அந்தத் திமிர் உண்டு. "படிக்கல சார். ஒரு நாளைக்கி மூணு ஷோ, வாரத்துக்கு இருபத்தோரு தடவ அதே படம். மண்ணு கூட கத்துக்கும்" என்றார். சோதனைக்காக ஒரு சிரிப்புப் படத்தின் முதல் பத்து நிமிடங்களைக் கொடுத்தேன். அதில் வீடு புகுந்து திருட வந்தவன், வாசல் மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போவான். விழித்துக்கொண்ட வீட்டுக்காரப் பெண்மணியிடம் ஏதோ சொல்வான். மற்றவர்கள் எல்லோரும் அதை "சத்தம் போடாதே" என்று எழுதியிருந்தார்கள். எத்திராஜ் எழுதியது: "தயவுசெய்து நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்." அதைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். "திருடும்போதும் மரியாத வுடமாட்டான் சார். அங்கதான் கீது காமெடி" என்றார்.

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். அரசனுக்கும் அதுதான், ஆட்டுக்குட்டிக்கும் அதுதான். நமக்கோ ஒவ்வொரு வரியிலும் நீயா, நீங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும். இதற்கு எத்திராஜ் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஏனென்றால் அவர் வாயில் யாருக்குமே 'நீங்க' வராது. முதலாளியும் நீ, டீ கொண்டுவருபவரும் நீ. "வா சார், குந்து. துன்னியா?" என்பதுதான் எனக்குத் தினமும் கிடைக்கும் வணக்கம். நான் அவரை நீங்கள் என்பேன். அவர் என்னை நீ என்பார். ஒன்பது வருடம் அப்படித்தான் ஓடியது. அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

அதன் பிறகுதான் 'கல்மனிதன்' என்ற பேய்ப்படம் எங்கள் கைக்கு வந்தது. ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். பாழடைந்த கல்குவாரியில் கிடைத்த எதையோ தொட்டதிலிருந்து அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிறது. கடைசியில் ஊரே துப்பாக்கியோடு துரத்துகிறது. உள்ளூர் கான்ஸ்டபிள் மட்டும் தனியாக எதிரே போய் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒரு வரி பேசுகிறார். சிரிப்புப் படங்களில் வழுக்கி விழுந்தே பெயர் வாங்கிய நடிகர் அவர். எத்திராஜ் எழுதியிருந்தார்: "ஐயா, நீங்கள் என்னோடு வாருங்கள்."

நான் அதை "ஏய், நீ என்னோடு வா" என்று மாற்றினேன். படம் அன்றே போயாக வேண்டும். படத்தை முழுதாகப் பார்க்க நேரமில்லை, வரிகளை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூதத்துக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. படம் வெளியானது. கடைசியில் 'தமிழில்: எத்திராஜ்' என்று அவர் பெயர் வந்தது. அவர் பெயர் திரையில் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் என் மேஜைக்கு வந்து நின்றார். கோபப்படவில்லை. "இன்னா சார் இப்டி பண்ணிட்டே? அந்த போலீஸ்காரன் சின்ன வயசுல அந்த வாத்தியாராண்ட படிச்சவன் சார். ஊரே பூதம் பூதம்னு கத்துது. இவன் ஒருத்தனுக்குத்தான் அது வாத்தியார்னு தெரியுது. அதான் தொப்பிய கழட்றான். நீ 'ஏய்'னு போட்டா அவனும் கும்பல்ல ஒருத்தன் ஆயிட்டான். படமே பூட்ச்சி" என்றார். நான் கணினியில் அந்த வரியைத் தேடி எடுத்தேன். "ஒரே ஒரு வார்த்த. மாத்திக் குடு சார். எம் பேரு அதுல கீது" என்றார்.

மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. படம் வாங்கியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல், திருத்திய கோப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த மின்னஞ்சலில் தவறு யாருடையது என்று எழுத வேண்டும். வருட முடிவில் சம்பள உயர்வுப் பேச்சின்போது அது என் தலையில் வந்து விடியும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, பாண்டி பஜார் டீக்கடை வாசலில், "மாத்தியாச்சு எத்திராஜ்" என்று சொல்லிவிட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "டேங்ஸ் சார். இன்னிக்கி டீ என்னுது" என்று கூடவே ஒரு பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தின்றேன்.

அதற்கப்புறம் அவர் போன் வந்தாலே கவிழ்த்து வைத்துவிடுவேன். எடுக்காமல் விடப் பழகிக்கொண்டேன்.

சில மாதங்களில் இருதயக் கோளாறு என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வாங்க சார். உக்காருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவாயில்லையே, உடம்பு முடியாம போனதும் மரியாதையெல்லாம் பலமா இருக்கே!" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "வயசாவுதுல்ல சார்" என்றார். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். படங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராயப்பேட்டை வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் தேவகி, "அப்பா பேரு வர்ற படத்த எல்லாரும் பார்க்கலாம்" என்று டிவியில் கல்மனிதனைப் போட்டாள். சொந்தக்காரர்கள் முப்பது பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுந்து போக எனக்குத் தைரியம் இல்லை. கான்ஸ்டபிள் தலைக்கவசத்தைக் கழற்றினார். "ஏய், நீ என்னோடு வா." யாரும் எதையும் கவனிக்கவில்லை. கடைசியில் பெயர் வந்தபோது அவருடைய மனைவி எழுந்து போய்த் திரையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தேவகியிடம் சொல்லிவிடலாம் என்று, "அதுல ஒரு வரி..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "தெரியும் சார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரமே எங்க எல்லாரையும் உக்கார வெச்சுப் போட்டாரு. அந்த இடம் வந்ததும் எழுந்து வெளிய போயிட்டாரு. நான் உங்ககிட்ட கேக்கட்டான்னேன். 'வுடு, கேட்டா அவருக்கு சங்கடமா பூடும்'னுட்டாரு" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த மின்னஞ்சலை எழுதினேன். தவறு என்னுடையது என்றும் எழுதினேன். சாயங்காலத்துக்குள் வரி மாறிவிட்டது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நண்பர்களே, நீங்கள் இப்போது பார்த்தால் எத்திராஜ் எழுதிய வரியைத்தான் படிப்பீர்கள். அவசியம் பாருங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்ன அந்த "வாங்க சார்"தான். அந்தக் கான்ஸ்டபிளின் 'நீங்கள்' ஒரு கல்லை மறுபடி மனிதனாகப் பார்த்தது. ஒன்பது வருடம் என்னை நீ என்று கூப்பிட்டவர் கடைசியில் எனக்குக் கொடுத்ததில் மரியாதை மட்டும்தான் இருந்தது.