பின்வாசல் சுரை

தானாக முளைத்த சுரையைச் சமைத்துச் சாப்பிட்ட வீடு ஒன்று, உள்ளே பூட்டியபடியே கிடந்ததாம். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாவி செய்கிறவரை அழைத்துத்தான் கதவைத் திறந்தார்களாம். இதைச் சொன்னவர் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். அவருக்குச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் கடிகாரக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் பூட்டுத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடையையே திறப்பதில்லை.

"அப்போ என்னைத்தானே கூப்பிட்டிருப்பாங்க? எனக்கே தெரியாம நான் எந்த வீட்டைத் திறந்தேன்?"

"அதான் எனக்கும் குழப்பம். நீதான் வந்தேன்னு சகலை அடிச்சுச் சொல்றான். கை நடுங்கி மூணு தடவை கம்பியைக் கீழ போட்டியாம்."

"என் கை நடுங்கி நீ பாத்திருக்கியா?"

"இல்லை. அதனாலதான் நானும் நம்பலை," என்று கடிகாரக்காரர் மறுபடி பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

உண்மையிலேயே நடுங்காத கை அது. அலமாரி அகலத்துக்கு ஒரு கடை, ஒரு சாவி வெட்டும் இயந்திரம், சுவர் நிறைய பல் வெட்டாத வெற்றுச் சாவிகள். இவற்றோடு முப்பத்தொரு வருஷம். மூலச்சாவி இல்லாமல் வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். "நகலைப் பாத்து நகல் எடுக்கக் கூடாதுங்க. கண்ணுக்கு அச்சா அதே மாதிரி இருக்கும். உள்ள போனாத்தான் அதோட குணம் தெரியும்." ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது இதைச் சொல்லாமல் அவர் கடையைச் சாத்தியதில்லை. தலைமுடியில் படிந்த பித்தளைத் தூளோடு வீட்டுக்குப் போனால், "ஒரு வளையலுக்குத் தேறுமா?" என்று மனைவி தலையைத் தட்டிப் பார்ப்பாள்.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. தோட்டம் அவளுடைய ராஜ்ஜியம். ஒவ்வொரு வருஷமும் கடையில் புது விதை வாங்கித்தான் போடுவாள். தானாக எது தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவாள். ஏன் என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "யாரோட சேந்து வந்ததுன்னு தெரியாததை எப்படி உள்ள விடறது?" என்றாள். மருமகனைத்தான் குத்துகிறாள் என்று நினைத்து அவர் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்.

இந்த மழைக்குப் பின்வாசல் படியோரம் மூன்று சுரைக்கன்றுகள் முளைத்தன. கடிகாரக்காரர் சொன்னதை நம்பாவிட்டாலும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. பிடுங்கிவிடலாம் என்று அவர் குனிந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். இரண்டு பஸ் மாறி, வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருகிறவள்.

"அம்மா போட்ட கொடியோட விதைப்பா அது. அவங்க கையால கடைசியா மிஞ்சினது. விட்டுடுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அம்மா சாவுக்குக்கூட வாய்விட்டு அழாதவள், அந்த இலையைத் தடவிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

கொடிகள் பந்தலுக்குப் போகவில்லை. கதவில் ஏறின. ஒரு நாள் காலையில் பார்த்தால், கொடியின் பற்றுச்சுருள் ஒன்று சாவித் துவாரத்துக்குள் நுழைந்திருந்தது. மெல்ல எடுத்து விலக்கிவிட்டார். மறுநாளும் அதே துவாரம். மூன்றாம் நாள் உள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, திறக்கும் பக்கமாக. தொழில்காரர் கண்ணுக்கு அது தப்பவில்லை. செடிக்கு எது வலம், எது இடம் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டார். தோட்டத்தில் மிளகாயைக்கூட விட்டுவைக்காத நத்தைகள், இந்த இலைகளின் ஓரம்வரை வந்து திரும்பிப் போன தடம் மட்டும் வெள்ளிக் கோடாகக் கிடந்தது. அதையும் பார்த்தார். மகளிடம் சொல்லவில்லை.

காய் இறங்கியபோதுதான் மனசு இறங்கிப்போனது. கழுத்து வளைவும் தோளில் வெளிர்ப்புள்ளிகளும் போன வருஷத்துக் காயேதான். மனைவி அதைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்து எடுத்த படம் மகளின் போனில் இருந்தது. படத்தையும் காயையும் பக்கத்தில் வைத்து, சாவியைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பல்கூடப் பிசகவில்லை.

"பாத்தீங்களா? அம்மாவேதான்," என்றாள் மகள். முதல் காயை ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை மருமகனுக்கு லீவு. அன்றைக்கு மத்தியானம் அம்மா செய்கிற மாதிரியே சமைக்கப்போகிறாளாம்.

செவ்வாயன்று அவரும் ஒரு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவர்கள் அங்கே சாப்பிடுகிற நேரத்தில் தானும் இங்கே அதையே சாப்பிடலாம் என்று ஓர் ஆசை. இரண்டாவது காயை நறுக்கி, ஒரு துண்டை நாக்கில் வைத்தார்.

கசப்பு. பாகற்காயில் இருக்கிற, பழகிய கசப்பில்லை. காதுவரை ஏறி, கடைவாயைப் பூட்டுகிற கசப்பு. துப்பினார், கொப்பளித்தார், போகவில்லை. கசக்கிற சுரை விஷம் என்று சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறார். நிமிர்ந்தபோது ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு வேலி தெரிந்தது. போன வருஷம் அதில் அழகுக்கென்று குட்டிக் காட்டுச்சுரை படரவிட்டிருந்தார்கள். அதன் பூவிலும் மனைவி போட்ட கொடியின் பூவிலும் ஒரே வண்டுதான் மாறி மாறி உட்கார்ந்திருக்கும்.

யாரோட சேந்து வந்ததுன்னு தெரியாததை.

மருமகனைச் சொல்லவில்லை அவள். தினமும் நாலு பேருக்குச் சொன்னதை அவர் தன் வீட்டுப் பின்வாசலில் மறந்திருந்தார். நகலின் நகலைக் கண்ணால் மட்டும் பார்த்து, இதுதான் என்று மகள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். கசந்தாலும் அம்மாவோட காய் என்று அவள் மிச்சம் வைக்கமாட்டாள்.

மணி ஒன்றே முக்கால். மகளுக்குப் போன் போட்டார். அடித்து ஓய்ந்தது. மருமகனுக்குப் போட்டார். அதுவும் ஓய்ந்தது. கை கழுவப் போயிருப்பாள். டிவி சத்தமாக இருக்கும். சாப்பிட்டதும் படுக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. பகலிலும் கதவை உள்ளே பூட்டிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்ததே அவர்தான்.

மறுபடி மகளின் எண்ணை அழுத்தி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கருவிப் பையை இழுத்தார். பூட்டுக் கம்பி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.