அத்தை தொடாத கிண்ணம்

திருவிருந்தின் திராட்சரசக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு தம் முன்னே வந்து நின்றபோது, அத்தை இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபை சின்னது. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் எடுத்துக் குடித்தேன், பக்கத்து வரிசையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே, மனம் நிறைய வெறுப்போடு.

அத்தை என் கணவரின் அம்மா. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கேக் வாங்கி வரும்படி கணவரைப் பிரிஞ்சாங் டவுனுக்கு அனுப்பியது நான். மழை. வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. எதிரே காய்கறி லோரி. அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் அத்தை கத்தினார்: “ஒரு கேக்குக்காக எம்புள்ளய கொன்னுட்டாளே!” அதன்பின் ஒரே லயத்து வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு ஊமைகள். ஆறுதல் சொல்ல வந்த சபையார் ஆண்டவர் சித்தம் என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருந்தார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு, பாஸ்டர் தட்டை எடுக்குமுன் அத்தை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒன்ன மன்னிக்க எனக்கு மனசு வரல லா. வரணும்னு தெனமும் ஆண்டவருகிட்ட கேக்குறேன். அதுவரைக்கும் மனசுல பகைய வச்சிக்கிட்டு பொய்யா குடிக்க மாட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் பொய்யாகக் குடித்தது நான்தான். “எனக்கும் வரல அத்தை,” என்றேன். அன்று தட்டு எங்கள் இருவரையும் கடந்து போனது. மதியம் ஒரே அடுப்பில் சோறு வெந்தது. சேர்ந்து ஜெபிக்கவும் தொடங்கினோம். பாதி நாள் ஒருவர்மேல் ஒருவர் ஆண்டவரிடம் புகார் சொல்வதுபோலத்தான் இருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் என் கணவரின் பெயரை இருவரும் ஒன்றாகச் சொல்லி அழுதோம். பல மாதம் கழித்து, தட்டு வந்தபோது அத்தை என் முழங்கையை இடித்தார். “எடுத்துக்கலாமா?”

மன்னித்துவிட்டேன் என்று அவர் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கசப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது. ஞாயிறுகளில் அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். ஆனால் போன வருடம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது, கூட இருப்பது யார் என்று மலாய்த் தாதி கேட்டார். மருமகள் என்று நான் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு அந்தத் தாதியின் மொழியிலேயே சொன்னார், “அனாக் சாயா.” என் பிள்ளை என்று.