பிஹெஸ்ட்டுக்கு ஒரு உதாரணம்

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண்டலம் வீட்டிலிருந்து போட்டித் தேர்வுக்காரர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் எடுக்கிறேன். போன வாரம் வந்த வார்த்தை ‘பிஹெஸ்ட்’. கட்டளைதான். ஆனால் ‘ஆர்டர்’ போலத் தினமும் புழங்குகிற சொல் இல்லை. கறாரான உத்தரவாகவும் இருக்கலாம், தட்ட முடியாத வற்புறுத்தலாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ‘அட் த பிஹெஸ்ட் ஆஃப்’ என்றே வரும். அதாவது, செய்தது ஒருத்தர், செய்யச் சொன்னது இன்னொருத்தர்.

"வீட்டுல நடக்கற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்க சார்" என்றாள் ஒரு மாணவி.

என் வாய் சும்மா இருக்குமா? ‘என் அப்பாவின் பிஹெஸ்ட்படி என் மனைவி வேலையை வேண்டாமென்றாள்’ என்று இங்கிலீஷில் அடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வகுப்பு நடந்த அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத்தான் பிடிக்கவில்லை. விடிந்ததும் அவள் பஸ் ஏறிவிட்டால் என் காபி, சாப்பாடெல்லாம் என்ன ஆவது? அதை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு இதற்கென்றே ஒரு வழி உண்டு. "அப்பாவுக்குப் புடிக்கலம்மா, நான் என்ன பண்றது?" என்றேன். மாமனாரிடம் போய் எந்த மருமகள் கேட்பாள்? அவளும் கேட்கவில்லை. முகம் சுண்டிப்போய்ச் சரி என்றாள்.

வகுப்பில் நான் அந்த உதாரணத்தைச் சொன்னபோது அப்பா கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்தவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

"டேய், நான் எப்படா வேணாம்னு சொன்னேன்? எங்கிட்ட யாருடா கேட்டது?"

மைக் ஆனில் இருந்தது. சிரிப்பெல்லாம் நின்றது. காடாம்புலியூர் பலாப்பழத்தில் சுளை எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். ச்சே, மானமே போயிற்று. "இல்லப்பா, சும்மா பொதுவா..." என்று உளறினேன்.

அவள் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. கையிலிருந்த எண்ணெயையும் பிசினையும் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், நாளைக்கே வந்து சேந்துக்கறேன்."

"வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களாம்மா?" என்றது ஸ்பீக்கர்.

"வேணாம்னு வீட்டுல யாருமே சொல்லல சார்."

என்னைப் பார்த்தபடியேதான் சொன்னாள். நான் குனிந்து மைக்கை அணைத்தேன்.