லென்ஸ் இஸ்மாயில்

மட்டாஞ்சேரியில் ஒரு தரகர் ஃபோனில் ஏதோ கண்ணாடியை மாட்டி, மிளகைப் பாக்கு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டி, இங்கே ஷார்ஜாவில் ஒரு கடைக்காரரை ஏமாற்றிவிட்டாராம். இதை என் அறைத்தோழன் சந்தீப்பிடம் சொன்னது அவனோடு வேலை செய்யும் யாரோ. அந்த யாரோவுக்குச் சொன்னது அவருடைய மச்சான். வெள்ளிக்கிழமை மதியம், தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சந்தீப் சிரித்தான்.

"உன் ஊராச்சே, ஆளைத் தெரியுமோ?"

தெரியும். பஜாரில் படம் எடுக்க ஃபோனில் கண்ணாடி மாட்டுகிறவர் ஒருவர்தான்.

முகமது இஸ்மாயில். எங்கள் சந்துக்கே இஸ்மாயிலிக்கா; இக்கா என்றால் அண்ணன். அவருடைய அத்தா போடியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர். மகன் மிளகுக்கு மாறினார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பேரம் என்று வந்தால் இரண்டும் கலந்து. சொந்தமாக ஒரு மூட்டை கிடையாது. கிடங்குக்காரர்களிடம் மாதிரி வாங்கிச் சட்டைப் பை நிறையப் பொட்டலங்களாக மடித்து வைத்துக்கொண்டு, வாங்குகிறவர்களைத் தேடி நடப்பார். பொட்டலத்தைப் பிரித்து மிளகைக் கையில் கொட்டி, ஒரு லிட்டர் அளந்தால் எத்தனை கிராம் நிற்கும், ஈரம் எவ்வளவு என்று சொல்வார். அவர் சொன்ன பிறகு யாரும் தராசைத் தேடியதில்லை.

"தரகனுக்கு வேறே என்னடா இருக்கு? ஒரு வாயி, ஒரு ஜோடி செருப்பு" என்பார். "ரெண்டுல எது தேஞ்சாலும் பட்டினி."

பிறகு வியாபாரம் ஃபோனுக்குள் போயிற்று. மாதிரியை யாரும் தொடுவதில்லை, படம் கேட்கிறார்கள். இஸ்மாயிலிக்கா எடுத்த படங்களில் மிளகு கரி கொட்டியதுபோல இருந்தது. "மங்கலா இருக்கு பாய்" என்று வரிசையாகப் பதில் வந்தது. அப்போதுதான் யூதத் தெருவில், சுற்றுலாக்காரர்களுக்குத் தொப்பியும் சாவிக்கொத்தும் விற்கிற வண்டியில், அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினார். துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று. ஃபோன் காமிராவின் மேல் அதைக் கவ்வவிட்டு, லென்ஸைத் திருகிக்கொள்ளலாம். ஒரு லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும். இன்னொன்று, மீன்கண் லென்ஸ், அறை முழுவதையும் ஒரு உருண்டைக்குள் வளைத்துக் காட்டும். விலை, இரண்டு பேர் சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுகிற காசு.

முதல் படம் எனக்குத்தான் வந்தது. ஒரே ஒரு மிளகு, திரை முழுக்க. மேடும் பள்ளமும் சுருக்கமுமாக.

"பாத்தியா மோனே, மிளகுக்கு மூஞ்சி இருக்கு!"

அத்தனை சந்தோஷமாக அவர் குரலை நான் கேட்டதில்லை. அந்த மாதிரிப் படங்களையே எல்லோருக்கும் அனுப்பினார். கூடவே, தன் வழக்கப்படி, எடையும் ஈரமும் குரல் செய்தியில். அவருக்குப் படம் என்பது கடைக் காலண்டரில் இருக்கிற படம் மாதிரி. சரக்கு, சொன்ன சொல்லில் இருக்கிறது.

ஷார்ஜாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹரிநாராயணன் என்பவர் படத்தை மட்டும் பார்த்து வாங்கினார். மூட்டையைப் பிரித்ததும், இக்காவின் படத்தையும் தன் உள்ளங்கை மிளகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வியாபாரிகள் குழுவில் போட்டார். அன்றே 'லென்ஸ் இஸ்மாயில்' என்று பெயர் விழுந்தது.

பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும் என்று நான்தான் சொன்னேன். வைத்தார். அந்த லென்ஸில் காசும் பூதாகாரமாகி, விளிம்பு மட்டும் ஒரு மதில்போல மிளகுக்குப் பக்கத்தில் நின்றது. குழு இன்னும் சிரித்தது. பொறுக்காமல், தான் ஒளித்து மறைக்கிற ஆளில்லை என்று காட்ட, மூட்டைகளுக்கு நடுவே நின்று மீன்கண் லென்ஸில் தன்னையே படம் எடுத்து அனுப்பினார். மூக்கு கத்தரிக்காயாக முன்னால் வந்தது. காதுகள் காணாமல் போயின. யாரோ அந்த முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கி, கீழே 'சரக்கு பெருசு' என்று எழுதினார்கள். இப்போது குழுவில் யார் விலை சொன்னாலும் பதிலுக்கு அந்த மூக்குதான் வருகிறது.

போன வாரம் வெங்கிடாசலம் முதலாளி கூப்பிட்டாராம். இக்கா வாலிபத்திலிருந்து மாதிரி எடுக்கிற கிடங்கு அவருடையது.

"கொஞ்ச நாள் கிடங்குக்கு வராண்டாம் இஸ்மாயில். எனக்கு உன்மேல சந்தேகமில்ல. வாங்கறவன் சிரிக்கறான், அதான்."

வெங்கிடாசலத்தின் கிடங்கில் நுழைய முடியாத தரகருக்கு பஜாரில் வேறு யாரும் ஒரு பொட்டலம் தரமாட்டார்கள். இக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ அங்க தானே இருக்கே? அந்தக் கடைக்காரரை ஒரு வாட்டி முதலாளிகிட்ட பேசச் சொல்லு மோனே."

ஷார்ஜாவில் ரோலா பக்கம் கடை. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஹரிநாராயணன் எனக்குச் சாயா வரவழைத்தார்.

"மிளகு நல்ல மிளகு சார். எல்லாம் வித்துப்போச்சு."

"அவர் எடையெல்லாம் சொல்லித்தானே அனுப்பினார்?"

"அவ்வளவு நீள வாய்ஸ் மெசேஜை யாரு கேக்கறா? அப்புறம் கேட்டேன். சொன்னது அத்தனையும் சரி."

"அப்போ உங்க புகார்?"

"புகாரா? தமாஷுக்குப் போட்டது."

"அழிச்சிடுங்களேன்."

"அன்னிக்கே அழிச்சேன். அந்த ஸ்டிக்கரை என் மச்சினி சேலத்துலேர்ந்து எனக்கே அனுப்பறா. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கோ?"

கோபப்பட ஒரு ஆள்கூட இல்லாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவரே மனமிரங்கி, "முதலாளி நம்பர் கொடுங்கோ, நான் பேசறேன்" என்றார். வெங்கிடாசலம் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முதலில் இக்காவை அழைத்தேன்.

"கிடங்கு வாசல்ல தான் நிக்கேன். உள்ள இருக்காரு. இப்பவே கூப்பிடச் சொல்லு."

ஹரிநாராயணன் நான் கொடுத்த எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டார். மணி போயிற்று. என் காதோடு இருந்த ஃபோனில், இக்காவின் மூச்சுக்குப் பின்னால், அதே நேரத்தில் ஒரு ஃபோன் அடிக்கத் தொடங்கியது.

"அடிக்குது மோனே. எனக்கே கேக்குது."

"எடுக்கறாரா?"

"கையில எடுத்துப் பாக்குறாரு... கீழ வெச்சுட்டாரு. தெரியாத நம்பராச்சே."

"உள்ள போய்ச் சொல்லுங்கோ இக்கா, எடுக்கச் சொல்லுங்கோ!"

"வராண்டாம்னு சொல்லியிருக்காருல்ல? நான் எப்படி உள்ள போறது?"

ஹரிநாராயணன் என்னைப் பார்த்தார். இரண்டு ஃபோன்களிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.