அம்மா தவறவிட்ட கப்பல்

மழைக்காலத்தில் எங்கள் சமையலறையில் மீன்குழம்பு வாசத்தோடு நனைந்த தோல்பந்தின் வாசமும் கலந்திருக்கும். அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் பெண்களுக்கு வாலிபால் பயிற்சியாளராக இருந்த அம்மா, பந்துகளை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டுத்தான் அப்பாவுக்கும் எனக்கும் சோறு போடுவாள். நாங்கள் குடியிருந்த குட்வில் எஸ்டேட் முழுக்க அவளுக்குச் "சீட்டி மேடம்" என்று பெயர். இந்தியில் சீட்டி என்றால் விசில். டிராக் பேண்டோடு, கழுத்தில் விசில் தொங்க அவள் வருவதைக் கண்டு மாதா கோயிலுக்கு வரும் தூத்துக்குடிப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள் என்பதால், நான் எப்போதும் நாலடி தள்ளியே நடப்பேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய அணி முதன்முறையாகக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு விளையாடப் போவதாக இருந்தது. அதற்காக அவள் எத்தனை அலுவலகங்களுக்கு நடந்தாள் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஞாயிறு நான் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, அம்மா இருக்கமாட்டாள் என்பதுதான். "கப்பலு நமக்காவ நிக்குமாட்டி? வந்ததும் ஒனக்கு இன்னொரு கவுன் தச்சுத் தாரேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கப்பல் கிளம்பும் நேரம் மாறினால் வானொலியில் சொல்வார்கள். அதைக் கேட்காமல் தீவில் யாரும் பெட்டியைத் தூக்கமாட்டார்கள். கிளம்பும் நாளன்று பெண்களை மூட்டைமுடிச்சோடு மைதானத்துக்கே வரச்சொல்லிக் கடைசிப் பயிற்சி கொடுக்கப் போன அம்மா, "நேரத்த மாத்துனா ஓடியாந்து சொல்லணும், கேட்டியா?" என்று என்னை வானொலிக்கு முன்னால் உட்காரவைத்தாள். மாற்றினார்கள். மாலை ஆறு மணிக் கப்பல் மூன்று மணிக்கே கிளம்பும் என்று இந்தியில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னார்கள். நான் வானொலியை அணைத்துவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டேன்.

அவர்கள் கப்பல்துறைக்குப் போனபோது கப்பல் துறைமுகத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த கப்பல் வருவதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

"ஒண்ணுமே சொல்லலியாட்டி?" என்றாள் அம்மா.

"கரண்டு போயிட்டும்மா" என்றேன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் அழுதுகொண்டே கிடந்தேன். விசாரிக்காமல் விட்டது தன் தவறு என்றே கல்லூரியில் எழுதிக்கொடுத்தாள் என்று அப்பா பிறகு சொன்னார். என் பெயரே அதில் இல்லை. புதுநன்மைக்கு முன் செய்த முதல் பாவசங்கீர்த்தனத்தில், சர்க்கரை திருடித் தின்றதைச் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டுப்புடவை கட்டி என் பக்கத்தில் நின்றாள்.

அதன்பின் வெளியூர் போகும் அணி எதையும் அவளிடம் கொடுக்கவில்லை. யாரும் சீந்தாத "பொழுதுபோக்கு விளையாட்டு" வகுப்பை அவள் தலையில் கட்டினார்கள். அதையும் அவள் விடவில்லை. மாணவிகளைப் புரோத்ராபூர் வரை கூட்டிப்போய், வயல்வேலை முடித்துவரும் பெண்களைப் பந்தாடவைத்தாள். புருஷன்மார் முன்னால் ஓடக் கூசியவர்கள் நாளடைவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினார்கள். ஊர் அதற்காகத்தான் அவளை மெச்சுகிறது. மெச்சும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசிப்போகிறது.

இப்போது கப்பல் நேரமெல்லாம் கைபேசியில் வந்துவிடுகிறது. வானொலி முன்னால் காத்திருக்கும் வீடு ஒன்றும் இல்லை. போன மாதம் அம்மாவுக்குப் பிரிவு உபசார விழா. தவறிப்போன அந்தப் பயணத்தைப் பற்றி யாரோ கேட்க, மைக்கைப் பிடித்துச் சிரித்தாள். "அன்னைக்கு நான்கூட அழல. எம்மவதான் ரெண்டு நாளு சோறு தண்ணியில்லாம அழுதுகிட்டுக் கெடந்தா. நமக்காவ அழ ஒரு பிள்ள இருக்கேன்னுதான் இந்த வேலைய விடாம இருந்தேன்."

கூட்டமே என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.