சாவியக்காவுக்கு வயது என்ன?

பெண்கள் விடுதியின் நூற்றுப் பதினாறு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்ததால் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். அந்தக் கனத்தில் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கல்லூரிக் கட்டடத்தைத்தான் கோணலாகக் கட்டிவிட்டார்கள் என்று அவள் கடைசிவரை வாதாடினாள்.

முப்பத்தெட்டு வருஷ உத்தியோகம். மாடிப்படிக்கு அடியில் அவளுக்கென்று ஓர் அறை: ஒரு கட்டில், ஒரு ஜன்னல், தலைக்கு மேலே யார் எந்தச் செருப்போடு ஏறுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் சத்தம். ஐம்பத்தெட்டு வயதானால் வேலையும் போகும், அறையும் போகும். பிறகு தம்பி வீடுதான். தம்பி வீடு என்றால் தம்பி பெண்டாட்டி வீடு. "வாங்கண்ணி" என்று சொல்வதற்கு முன்பே "எப்பக் கிளம்புறீங்க?" என்று கேட்கிற புண்ணியவதி அவள்.

அலுவலகப் பதிவேட்டின்படி சாவியக்காவுக்கு ஐம்பத்தாறு. அசல் வயது அறுபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்தபோது இருபதுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்றார்கள். இருபத்துநாலு வயதுக்காரி கண்ணைச் சிமிட்டாமல் பதினெட்டு என்றாள். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

கோடை விடுமுறை வந்தால் விடுதி முழுக்க அவள் ராஜ்யம். அந்த வருஷம் அந்த ராஜ்யத்தில் மண் விழுந்தது. பத்திரிகைப் பயிற்சி முகாம் என்று பத்து நாளைக்கு நாற்பது மாணவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் பெண்கள் பத்தொன்பது பேர் அவள் தலையில்.

முகாமை நடத்தியவர் ஒரு தினசரியில் முப்பது வருஷம் அடுத்தவர் எழுத்தை வெட்டியே ஓய்வு பெற்றவர். சிவப்பு மை சார் என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அவர் திருத்திய தாளைப் பார்த்தால் யாரையோ வெட்டிப் போட்ட இடம்போல இருக்கும்.

"பேரு, வயசு, அப்புறந்தான் சேதி. வயசு இல்லாத ஆளு என் பத்திரிகைல கிடையாது. யாரு வாயையும் நம்பாதே, காகிதத்தைக் கேளு" என்பது அவருடைய காலை வணக்கம்.

முகாமின் முடிவில் எட்டுப் பக்கப் பத்திரிகை அச்சாகும். பன்னிரண்டு பேர் பெயர்தான் அதில் வரும். போதாதா? இரண்டாம் நாளே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஒருத்தி குளியலறையில் அழுதால் அடுத்தவள் அதைச் செய்தியாக எழுதிக் கொடுத்தாள். அழுதவளோ, "காரணத்தை ரெண்டாவது பத்தில போட்டிருக்கியே, முதல் வரியில வரவேணாமா?" என்று சண்டைக்குப் போனாள்.

அந்தப் பெண்களில் மூக்கு என்று ஒருத்தி. எந்த விஷயமானாலும் முதலில் அவளுக்குத்தான் மூக்கில் வியர்க்கும்.

நான்காம் நாள், வளாகத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி எழுதி வரச் சொன்னார் சார். கல்லூரியே காலி. தோட்டக்காரர் இவர்களைக் கண்டதும் வேலி தாண்டினார். காவலாளி கேள்விக்கு நடுவே தூங்கினார். ஆக, ஏழு பேர் சாவியக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, உங்க வயசு?"

"எதுக்குடி? மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

விடவில்லை அவர்கள். கழுவும் தொட்டியருகே ஒருத்தி, மொட்டை மாடியில் ஒருத்தி, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நோட்டுப் புத்தகத்தோடு இன்னொருத்தி. சாவியக்காவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. சரி, வாங்கடி என்று ஒவ்வொருத்தி காதிலும் தனித்தனியாகப் பூச்சுற்றினாள். ஒருத்தியிடம் நாற்பத்துமூன்று வயது, கணவர் சர்க்கஸில் சிங்கத்துக்குப் பல் தேய்ப்பவர். இன்னொருத்தியிடம் ஐம்பது, கப்பலில் பிறந்தவள், அதனால் சொந்த ஊரே கிடையாது. மூக்கிடம் நாற்பத்தொன்பது, சிறுவயதில் ஒரு முதலை காலைக் கவ்வியதாம், இவள் அதன் காதுக்குள் கத்தியதில் அது செவிடாகிப் போனதாம்.

"முதலைக்குக் காது இருக்காக்கா?" என்று மூக்கு கேட்டாள்.

"அன்னைக்கு இருந்துச்சு."

மறுநாள் வகுப்பில் சிவப்பு மை சார் ஏழையும் உரக்கப் படித்தார். "ஒரே பொம்பளைக்கு அஞ்சு ஊரு, மூணு புருஷன். அதுல ஒருத்தரு ரெண்டு தடவை செத்திருக்காரு. முதலைக்குக் காதுன்னு எழுதினது யாரும்மா? எழுந்திரு. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க." மூக்கு நின்றாள். வகுப்பே சிரித்தது. தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டவர், "நீயே போய் உண்மையைக் கொண்டா. இல்லன்னா பெட்டியைக் கட்டு" என்றார்.

அவமானப்பட்டவளுக்கு வேகம் அதிகம். இரண்டு நாள் நூலகத்தில் தூசி தின்றாள் மூக்கு. பழைய ஆண்டுமலர்களைப் புரட்டியதில் கிடைத்தது ஒரு படம்: விடுதி வாசலில், சாய்வே இல்லாமல் நேராக நிற்கும் ஒரு பெண். கீழே யாரோ ஒரு மாணவி அச்சில் ஏற்றியிருந்தாள்: 'விடுதியின் புதிய பணியாளர், வயது 24.' வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேச்சுவாக்கில், சாவியக்கா ஒரே ஒரு தடவை உண்மையை உளறியிருந்தாள்.

மாலையில் அந்த ஆண்டுமலரோடு மாடிப்படி அறை வாசலில் வந்து நின்றாள் மூக்கு.

"இருபத்துநாலும் முப்பத்தெட்டும் அறுபத்திரண்டு. கூட்டிப் பாத்தேன்க்கா."

சாவியக்கா அவளை உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பத்து நாளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இதைப் போட்டா என்னை நாளைக்கே அனுப்பிருவாங்க. இந்த ரூமும் போயிரும். தம்பி வீட்டுல எனக்குப் பாய் விரிக்கக்கூட இடம் குடுக்கமாட்டாங்க. விட்டுரு பொண்ணே."

"முதலையும் நெசம்னுதானே சொன்னீங்க?" என்றாள் மூக்கு.

"அது வெளையாட்டுடி."

"நாற்பது பேர் முன்னாடி நின்னது நானு. எனக்கு வெளையாட்டா இல்ல."

போய்விட்டாள். அழுகை வரும் என்று சாவியக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், கோபந்தான் வந்தது. வகுப்பறைகளைப் பெருக்கும் சாக்கில் அவளும் ஒரு வாரமாக அந்தச் சிவப்பு மை மனிதர் பேச்சைக் கேட்டிருக்கிறாள். காகிதத்தைக் கேளு. சரி, காகிதமே பேசட்டும்.

காலையில் அலுவலகத்துக்குப் போய்க் குமாஸ்தாவிடம் பதிவேட்டைக் கேட்டாள். "வெளியில குடுக்கக் கூடாதுக்கா" என்றான் அவன். "அப்ப நீயே தூக்கிட்டு வா" என்று அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தாள். மூக்கின் கட்டுரையைச் சார் அப்போதுதான் கையில் எடுத்திருந்தார்.

"ஐயா, இந்தப் பொண்ணு என் வயசுல ஆறைக் கூட்டியிருக்கு. இது கல்லூரி முத்திரை வச்ச புத்தகம். எது சரின்னு நீங்களே சொல்லுங்க."

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார். "ஐம்பத்தாறு. முத்திரை இருக்கு. உன் ஆதாரம் என்னம்மா?"

மூக்கு ஆண்டுமலரை நீட்டினாள்.

"இதை எழுதினது யாரு?"

"அப்போ இங்க படிச்ச மாணவி சார்."

"மாணவி!" சார் அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தள்ளினார். "படிக்கிற பிள்ளைங்க பொழுது போகாம எழுதினதை ஆதாரம்னு எங்கிட்ட கொண்டு வர்றியா?"

"அப்ப நாங்க எழுதுறதும் ஆதாரம் இல்லையா சார்?"

சார் பேனா மூடியைக் கழற்றினார்.

"இல்ல" என்றார் சார். அறுபத்திரண்டின் மேல் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் ஐம்பத்தாறு என்று எழுதினார்.

நாற்பது முகங்களும் விழுந்துபோனதைச் சாவியக்கா வாசலில் நின்று பார்த்தாள். இத்தனை நாளாக வெயிலில் அலைந்து, திட்டு வாங்கி, ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தது எதற்கு என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. ஜெயித்தவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது முதலைக் கதையைவிடப் பெரிய புளுகு.

"தப்பான வயசுக்கு மேல என் பேரு வேணாம் சார்" என்றாள் மூக்கு.

"உன் இஷ்டம்."

கட்டுரை அப்படியே பேரில்லாமல் அச்சானது, ஐந்தாம் பக்கத்தில். நிறைவு விழாவில் கல்லூரி முதல்வர் அதைப் படித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே உங்களுக்கு. நல்லது, நல்லது" என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை பேருந்து வாசலில் நின்றது. பெண்கள் வரிசையில் வந்து அறைச் சாவிகளைக் கொடுத்தார்கள். ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை, சாவியக்காவும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் மூக்கு. சாவியை வைத்தவள் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அறுபத்திரண்டு."

"ஐம்பத்தாறு" என்றாள் சாவியக்கா. "பேப்பர்லயே போட்டாச்சு. போ, வண்டி கிளம்பிரும்."