நண்டு உழுத தரை

நான் ஒரு மடையன் என்பதை நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நேற்றுச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கன என்ன, மல்லிப்பூவா விக்குதாவ? உள்ள வாங்க" என்றாள் மனைவி.

அழுகிய முட்டை வாடை. அவளுக்கு அது சாக்கடை. எனக்கு, தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் வடிந்தபின் வெளியே வரும் கறுப்புச் சேறு. விலங்கியல் முதுகலை படித்தபோது வாரம் இரண்டு முறை அந்தச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து கிடந்தோம், நானும் மீரானும். திரும்பும் பேருந்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கடைசி வரிசை முழுக்க எங்களுக்குத்தான். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே!

மீரான் காயல்பட்டினத்துப் பையன். நண்டு, புழு, சேறு என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. நான் அவன் சேர்ந்ததால் சேர்ந்தவன். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நண்டுகளோ ஆள் அசைந்தால் வளைக்குள் போய்விடும். என்னைப் போன்றவனைக் கூட்டிக்கொண்டு நண்டு பார்க்கப் போனவன் எவ்வளவு பொறுமைசாலி என்று பாருங்கள்.

ஆனால் அவனுக்கு அது விளையாட்டு இல்லை. சவூதியில், தம்மாமில் அவன் காக்கா, அதாவது அண்ணன், கடை வைத்திருந்தார். விசா தயாராக இருந்தது. "மேல படிக்க வழி வந்தா படி. வரலேன்னா காக்காட்ட போயிரு" என்று வாப்பா சொல்லிவிட்டார். எங்கள் நண்டுச் சோதனையின் முடிவு தெளிவாக வந்தால் மேல்படிப்பு உதவித்தொகைக்கு எழுதுகிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆக, அவன் ஊரில் இருப்பதும் போவதும் நண்டுகள் கையில்.

சோதனை எளிது. சேற்றில் நான்கு குச்சி நட்டு, சதுரத்துக்குள் வண்ணப்பொடி தூவ வேண்டும். நண்டுகள் வளை தோண்டும்போது மேல்மண் எவ்வளவு கீழே போகிறது என்று சில நாள் கழித்து வெட்டிப் பார்க்க வேண்டும். பொடி வாங்கும் பொறுப்பு என்னுடையது. எதற்கு வாங்குவது என்று அம்மா மார்கழிக்கு வைத்திருந்த ரோஸ் நிறக் கோலமாவை அள்ளிக்கொண்டு போனேன்.

அடுத்த முறை போனால் சதுரத்தில் பொட்டுப் பொடி இல்லை. சுற்றுவட்டார நண்டு அத்தனையும் அங்கே கூடி, ஒற்றைப் பெருங்கையை ஆட்டிக்கொண்டிருந்தன.

"ஏலே, அது என்ன பொடிலே?"

"கோலமாவு."

"கல்லு மாவா, அரிசி மாவா?"

"எங்க வீட்ல எப்பவும் அரிசிதான்..."

மீரான் சேற்றுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டான். "நண்டுக்குப் பந்தியில்லா வச்சிருக்கீரு வே! பாயசத்த எப்ப ஊத்தப் போறீரு?"

பிறகு செங்கலை இடித்துச் சலித்துப் போட்டோம். அது பலித்தது. பிஸ்கட் டின்னின் அடியை வெட்டிச் சேற்றில் இறக்கி ஒரு துண்டு எடுத்தோம். அடுக்குப் பலகாரம் போல வந்தது. மேலே தவிட்டு நிறம், கீழே மை போலக் கறுப்பு. வளைகளைச் சுற்றி மட்டும் அந்தத் தவிட்டு நிறம் கீழே வரை இறங்கியிருந்தது. வளை வழியே காற்றும் கடல்நீரும் போய்வந்த தடம். ஒரு சாண் ஆழத்தில் செங்கல் சிவப்பு கோடு கோடாகக் கிடந்தது. கீழேயிருந்த கறுப்பு உருண்டை உருண்டையாக மேலே வந்திருந்தது. ஆறும் கடலும் கொண்டுவந்து போட்டதை இந்த நண்டுகள் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"இவனுவ உழுதுல்லா போட்டிருக்கானுவ!" என்று மீரான் சேற்றிலேயே குதித்தான். "நாம நிக்கிற தரையே இவனுவ பண்ணுனதுதாம்லே."

பேராசிரியர் எழுதினார். பதில் வரவில்லை. துறை வாசலில் மீரான் போவான், வருவான். நிழல் பட்ட நண்டு மாதிரி தபால்காரரைக் கண்டதும் ஒளிவான், பிறகு எட்டிப் பார்ப்பான். நான் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். வாயை மூடினால் "போகாதலே" என்று வந்துவிடும் என்று பயம். விசா முடிகிற வாரம்வரை பார்த்துவிட்டு அவன் விமானம் ஏறினான். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆனேன். பிள்ளைகளை அசையாமல் உட்காரச் சொல்கிற வேலை எனக்கு!

நேற்றைய வாடை இரவு முழுக்க விடவில்லை. காலையில் பேருந்து ஏறிவிட்டேன். எங்கள் சதுரம் இருந்த பக்கம் முழுக்க வரப்பு கட்டியிருக்கிறார்கள். உப்பளத்துக்கா, இறால் பண்ணைக்கா, கேட்கவும் ஆள் இல்லை. கடல்நீர் உள்ளே வருவதில்லை. செருப்புக் காலோடு நடந்தேன். தரை கொஞ்சம்கூட உள்வாங்கவில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வளை என்று ஒன்றுகூட இல்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன், வாடையும் இல்லை.

படம் எடுத்து, இன்னும் தம்மாமிலேயே இருக்கிற மீரானுக்கு அனுப்பினேன். கீழே வழக்கம்போல வாய்க்கொழுப்பு: "நம்ம நிலம்லே. உழ ஆள் இல்லாம தரிசாக் கெடக்கு. எப்ப வாற?"

பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. திரும்பும் பேருந்து ஆழ்வார்திருநகரி தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"இனிமே இந்த மாதிரி படம் அனுப்பாதலே."